பிக்கப் வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர்: எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்

மலைப்பக்கம் போய்வந்த மறுநாள் காலையில் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டயர் பள்ளங்களில் சிக்கிய சரளைக் கற்களைத் திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பேன். எடுக்காமல் விட்டால் வண்டி தெருவில் நகரும்போது 'டிக் டிக்' என்று தார்ச்சாலையைத் தட்டிக்கொண்டே வரும். வேகம் கூடியதும் மட்கார்டுக்குள் தெறிக்கும். வண்டியோடு வந்த பழைய டயரில் இந்த வேலை இருந்ததில்லை. அதன் பள்ளங்கள் குறுகலானவை. கல் நுழைய இடமே கிடையாது. கல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பதுதான் ஆல் டெரெய்ன், அதாவது எல்லாத் தரையிலும் ஓடும் டயரின் அடிப்படை. அந்த இடைவெளி நமக்கு எதைத் தருகிறது, பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்று விளங்கிவிட்டால், விளம்பரம் எதையும் படிக்காமலே நமக்கு வேண்டிய டயரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

நான் இருப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில். ஓட்டுவது டொயோட்டா டகோமா, நடுத்தர அளவு பிக்கப். அலுவலகத்தில் நம் ஊர்க்காரர்கள் பலர் அண்மையில் பிக்கப் வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய மாதமே வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, ஏ.டி. டயர் மாற்றிவிடட்டுமா?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

பிக்கப்புக்கான டயர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். நெடுஞ்சாலை டயர் ஒன்று. நெருக்கமான பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்), நீளவாக்கில் ஓடும் மெல்லிய பள்ளங்கள், அமைதியான ஓட்டம். இதற்கு எதிர்முனையில் இருப்பது சேற்று டயர். நம் ஊர் டிராக்டர் டயரை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரிய பெரிய ரப்பர்க் கட்டிகள், நடுவே விரல் நுழையும் இடைவெளி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆல் டெரெய்ன், சுருக்கமாக ஏ.டி. பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976இல் கொண்டுவந்த ரேடியல் டயரிலிருந்துதான் இந்த வகை பரவலானது. அதற்கு முன் பிக்கப் ஓட்டியவர்கள் வழுவழு சாலை டயரையோ ஊளையிடும் சேற்று டயரையோ தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரே டயரில் வார நாள் வேலைக்கும் போகலாம், வாரக் கடைசியில் காட்டுக்குள்ளும் போகலாம் என்பது அன்று பெரிய வசதியாக இருந்திருக்கும். இன்று எல்லாப் பெரிய டயர் நிறுவனங்களும் இந்த வகையில் ஒன்றிரண்டாவது வைத்திருக்கின்றன. சில சாலை டயருக்கு நெருக்கமானவை, சில சேற்று டயருக்கு நெருக்கமானவை. ஆகவே ஏ.டி. என்று பெயர் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. கடையில் நின்று பட்டன்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கண்ணால் பாருங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும்.

இடைவெளி செய்யும் வேலை

தார்ச்சாலையில் டயருக்குப் பிடிமானம் தருவது ரப்பரின் பரப்பு. எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. மண்ணிலும் சரளையிலும் கதை வேறு. அங்கே தரையே நகரும். நகரும் தரையைப் பிடிக்க விளிம்புகள் வேண்டும். பட்டனின் ஒவ்வொரு விளிம்பும் மண்வெட்டியின் வாய்போல மண்ணுக்குள் இறங்கி, அதைப் பின்னால் தள்ளி, வண்டியை முன்னே கொண்டுபோகிறது. இடைவெளி கூடினால் விளிம்பு கூடும். தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறையும். ஈரமான தார்ச்சாலையில் நல்ல சாலை டயரைவிட ஏ.டி. டயர் நிற்கச் சற்றுக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். கூர்மையான கல்லில் பிய்யாமல் இருக்க ரப்பரைக் கொஞ்சம் கெட்டியாகச் சேர்ப்பார்கள் என்பது இன்னொரு காரணம். டயர் மாற்றிய முதல் வாரத்தில் மழை பெய்தால் முன்னால் போகும் வண்டியிலிருந்து இன்னும் ஒரு வண்டி நீளம் தள்ளியே ஓட்டுங்கள். நான் அப்படித்தான் பழகிக்கொண்டேன்.

பனியில் இந்த இடைவெளி செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பனியை ரப்பர் அவ்வளவாகப் பிடிக்காது. பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும். குழந்தைகள் பனியுருண்டை உருட்டும்போது பார்த்திருப்பீர்கள், உருண்டை தரைப்பனியை ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டே பெருக்கும். டயர் பள்ளத்துக்குள் அடைந்த பனியும் அப்படியே தரைப்பனியோடு சேர்ந்து இறுகி, பிடிமானம் தருகிறது. பனிச்சாலையில் நின்ற வண்டியின் டயரில் வெண்பனி அப்பியிருந்தால் துடைத்துவிட வேண்டும் என்று தோன்றும். தேவையில்லை, அது வேலை செய்துகொண்டிருக்கிறது. பட்டன்மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் தெரியும்; அவையும் பனிக்கும் ஈரத்துக்கும் விளிம்பு கூட்டுவதற்காகவே.

சேற்றில் இதற்கு நேர் எதிராக நடக்கும். களிமண் பள்ளத்துக்குள் அடைந்தால் வெளியே வராது. ஏ.டி. டயரின் இடைவெளி நடுத்தரமானது என்பதால் இரண்டு சுற்றிலேயே பள்ளங்கள் நிரம்பி மொட்டை டயர் ஆகிவிடும். கொலராடோவின் மேற்குப் பகுதியில் மழை பெய்தால் சில மண்சாலைகள் வெண்ணெய் தடவியதுபோல ஆகிவிடும். அங்கே ஏ.டி. டயரை நம்பி இறங்குவதைவிட வெயில் வந்து காயும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு. அங்கே இருக்கும் கால்நடைப் பண்ணைக்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

இடைவெளியின் இன்னொரு விலை, சத்தம். ஒவ்வொரு பட்டனும் தரையை அறையும்போதும், பள்ளத்துக்குள் காற்று அடைபட்டு வெளியேறும்போதும் ஒலி எழுகிறது. புதிதில் மெல்லிய ரீங்காரமாக இருக்கும். ஓடி ஓடி, பட்டன்களின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து ரம்பப்பல் போல ஆகும்போது ரீங்காரம் உறுமலாக மாறும். 'வாங்கும்போது சத்தமே இல்லை, 20,000 மைலில் விமானம்போலச் சத்தம்' என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வான தேய்மானம். 5,000 மைலுக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டால் இது வெகுவாகக் குறையும். பிக்கப்பில் பின்பக்கம் பெரும்பாலும் சுமையின்றிக் காலியாக ஓடுகிறது, எஞ்சின் பாரமோ முன்பக்கம். அதனால் முன் டயரும் பின் டயரும் ஒரேமாதிரி தேயவே மாட்டா. காரில் இடமாற்றத்தைத் தள்ளிப்போட்டுத் தப்பித்தவர்கள் இதில் தப்பிக்க முடியாது.

பக்கச் சுவர்

பட்டனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். காட்டுப் பாதையில் நம்மை வீடு சேர்ப்பது பெரும்பாலும் டயரின் பக்கச் சுவர்.

யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒயிட் ரிம் சாலை என்று ஒரு பாதை உண்டு. பள்ளத்தாக்கின் நடுத்தட்டில் வெண்மணற்பாறை விளிம்பை ஒட்டிச் சுமார் 100 மைல் சுற்றிவரும். கடை இல்லை, தண்ணீர் இல்லை. முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு வண்டிகளில் போனோம். நண்பருடைய பிக்கப்பில் வண்டியோடு வந்த சாலை டயர்கள். இரண்டாம் நாள் காலை, படிக்கட்டுபோல வெட்டிய ஒரு பாறைத் தட்டில் அவர் மெதுவாகத்தான் இறங்கினார். பின்சக்கரம் பாறையின் ஓரத்தை உரசிக்கொண்டு இறங்கியது. 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தபோது பக்கச் சுவரில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. உள்ளே நூலிழைகள் வெள்ளையாகத் தெரிந்தன. பட்டன் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் ட்யூப்லெஸ் பஞ்சர் திரியைச் செருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும் இடம். அங்கே ஒட்டு நிற்காது; ஒட்டிப் பார்ப்பதும் ஆபத்து.

பம்பருக்கு மேலே உள்ள துளை வழியாகக் கம்பியைச் செருகிச் சுற்றி, பின்னாலுள்ள சரக்குத் தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கினோம். சிவப்புப் புழுதியில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகை வைக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு மீதமிருந்த பாதை முழுவதும் நண்பர் ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டினார். அந்த ஐந்து மணி நேரம் வண்டிக்குள் யாரும் பாட்டுக்கூடப் போடவில்லை.

அதே பாறையில்தான் என் வண்டியும் இறங்கியது. என் டயரின் தோள்பகுதியில், அதாவது பட்டனும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில், ஒரு பட்டன் பாதி சீவப்பட்டுத் தொங்கியது, காற்று போகவில்லை. ஏ.டி. டயர்களில் பலவற்றுக்குப் பக்கச் சுவரில் ஒரு அடுக்கு கூடுதலாக இருக்கும், பட்டன் தோளைத் தாண்டிப் பக்கத்திலும் இறங்கியிருக்கும். கல்லின் முனை அந்தத் தடித்த ரப்பரை முதலில் சந்திக்கிறது. அதற்காக இதைப் பஞ்சராகாத டயர் என்று நினைத்துவிடக் கூடாது. நான் அன்று ஒரு சாண் தள்ளி இறங்கியிருந்தால் என் டயரும் கிழிந்திருக்கலாம். கிழியும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் அந்த வாய்ப்புக் குறைவே பெரிய நிம்மதி.

பத்து பிளை வேண்டுமா?

என்னைக் கேட்பவர்களில் பலர் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டயரின் பக்கத்தில் அளவு எழுதியிருக்கும். என் டகோமாவில் 265/70 ஆர் 16. அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். அளவுக்கு முன்னால் 'பி' என்று இருந்தாலும், எழுத்தே இல்லாவிட்டாலும் பயணிகள் வண்டி வகை. 'எல்டி' என்று இருந்தால் இலகுரக லாரி வகை. எல்டி டயர்களில் லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் வலு) என்று ஒரு எழுத்தும் வரும்: சி என்றால் 6 பிளை (அடுக்கு), டி என்றால் 8 பிளை, இ என்றால் 10 பிளை. பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அத்தனை அடுக்குகள் உண்மையிலேயே இருந்தன. இன்று அடுக்கு குறைவு. வலுவைக் குறிக்கப் பழைய எண் மட்டும் நிலைத்துவிட்டது. சி டயர் அதிகபட்சம் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) தாங்கும், இ டயர் 80.

80 தாங்கும் டயர் 50 தாங்கும் டயரைவிட மேல் என்று மனம் சொல்லும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் சொன்னது. அவர் வண்டியும் என்னுடையது போன்ற நடுத்தர பிக்கப். வாரம் ஐந்து நாள் நெடுஞ்சாலையில் அலுவலகம், கோடையில் இரண்டு முறை ஏரிக்கரையில் கூடாரம். அவர் இ ரேஞ்ச் மாட்டினார். ஒரு வாரம் கழித்து என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் பின்பக்கம் துள்ளியது. காலித் தொட்டியும் இலைவில்லும் (லீஃப் ஸ்பிரிங்) கொண்ட பிக்கப் ஏற்கெனவே துள்ளும் வண்டி. கெட்டியான டயர் அதன்மேல் இன்னும் ஒரு துள்ளலைச் சேர்த்துவிட்டது. சாலை டயரோடு ஒப்பிட்டால் இ டயர் ஒவ்வொன்றும் பல பவுண்டு கனம். அந்தக் கனம் சுழலும் கனம். கிளம்பும்போது எஞ்சினும் நிற்கும்போது பிரேக்கும் அதைச் சுமக்கின்றன. அவருடைய மைலேஜ் குறைந்ததற்குப் பட்டனைவிட இந்தக் கனமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இ டயர் யாருக்கு? தொட்டியில் செங்கல்லும் சிமெண்டும் ஏற்றுபவர்களுக்கு. கனத்த டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு மலை ஏறுபவர்களுக்கு. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற கனரக பிக்கப்புகள் தொழிற்சாலையிலிருந்தே இ ரேஞ்ச் டயரோடு வருகின்றன, அவற்றின் வேலையே அதுதான். நடுத்தர பிக்கப்பை வாரக் கடைசியில் மண்சாலைக்குக் கொண்டுபோகும் குடும்பத்துக்கு, என் கருத்தில், சி ரேஞ்ச் போதும். சரளைச் சாலையைத் தாண்டி எங்கும் போகாதவர்களுக்குப் பயணிகள் வகையிலேயே வரும் ஏ.டி. டயர் இன்னும் இதமாக இருக்கும். பட்டன் பார்க்க ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே எலும்பு வேறு.

பி டயரிலிருந்து எல்டி டயருக்கு மாறும்போது கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டின் காற்றழுத்தம் அப்படியே பொருந்தாது. அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குச் சில பிஎஸ்ஐ கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதை டயர்க் கடையில் உள்ள சுமை அட்டவணையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவைப் பார்த்து அதுவரை காற்று அடித்துவிடாதீர்கள். அப்படி அடித்தால் டயர் பந்துபோல உப்பி, நடுப்பட்டன் மட்டும் தரையைத் தொட்டு, அதுவே முதலில் தேயும். சந்தேகம் இருந்தால் ஒரு சாக்பீஸ் எடுத்துப் பட்டன்மேல் குறுக்காகத் தடித்த கோடு போடுங்கள். சமதளத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று கூடுதல், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. இது தேய்மானத்தைக் காட்டும், சுமையைக் காட்டாது. ஆகவே அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இறங்க இதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

காற்றை இறக்கப் பழகுவது

ஆயிரம் டாலர் கொடுத்து டயர் மாற்றிவிட்டு, காற்றை இறக்காமலே மண்சாலையில் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. பாதிப் பயனை அவர்கள் அனுபவிக்கவே இல்லை.

மண்சாலைகளில் குறுக்குக் குறுக்காக அலை அலையாய் மேடு பள்ளம் விழுந்திருக்கும்; துணி துவைக்கும் பலகைபோல இருப்பதால் இங்கே வாஷ்போர்டு என்பார்கள். 35 பிஎஸ்ஐயில் அதன்மேல் போனால் டேஷ்போர்டு கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கும். வளைவில் பின்பக்கம் நடனமாடும். அதே டயரில் காற்றை 20க்கு இறக்கிப் பாருங்கள். பக்கச் சுவர் அமுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். தரையைத் தொடும் பகுதி முக்கியமாக நீளவாக்கில் கூடும். அதாவது ஒரே நேரத்தில் கூடுதல் பட்டன்கள் மண்ணைப் பிடிக்கும். கூரான கல்லை டயர் எதிர்த்து நிற்காமல் அதைச் சுற்றி அமுங்கிக் கொடுப்பதால் பட்டன் பகுதியில் குத்தும் வாய்ப்பும் குறையும்.

தேவையானவை மூன்றே. ஒரு நல்ல காற்றுமானி, வால்விலிருந்து காற்றை இறக்கும் சிறு கருவி, பேட்டரியில் மாட்டும் கம்ப்ரசர். மண்சாலை தொடங்கும் இடத்தில் நான்கு டயருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் காற்றை அடித்துக்கொள்ள இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தைத் தவிர்க்கவே கூடாது. குறைந்த காற்றில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் டயர் அமுங்கி அமுங்கி உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். காற்றை இறக்கியதும் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியும். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில், குறிக்கப்பட்ட அளவைவிடக் காற்று 25 சதவீதம் குறைந்தால் அந்த விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. மண்சாலையில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். தார்ச்சாலையிலும் அது எரிந்துகொண்டிருந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

மலையேறும்போது காற்று என்னாகும் என்றும் கேட்பார்கள். டென்வரின் உயரம் 5,280 அடி. நெடுஞ்சாலை 70இல் வரும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மானியில் ஏறக்குறைய இரண்டரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிரும் கூட. வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். உயரம் ஏற்றியதைக் குளிர் இறக்கிவிடுகிறது. ஆகவே மலைக்கென்று தனிக் கணக்கு வேண்டாம். பருவம் மாறும்போது காலையில், டயர் ஆறியிருக்கையில், ஒருமுறை பாருங்கள்.

மலைச் சின்னமும் பனிச் சட்டமும்

டயரின் பக்கத்தில் 'எம்+எஸ்' என்று இருப்பதைப் பார்த்து இது பனி டயர் என்று நம்பிவிடுகிறார்கள். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. பள்ளங்களின் வடிவமும் பரப்பும் ஓர் அளவுக்கு இருந்தால் அந்த எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். பனியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் தேட வேண்டியது மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வந்த இந்தச் சின்னத்துக்கு, இறுகிய பனியில் சோதனை ஓட்டம் நடத்தி, ஒப்பீட்டு டயரைவிட 10 சதவீதமாவது கூடுதல் இழுவை காட்ட வேண்டும். ஏ.டி. டயர்களில் பலவற்றில் இது இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை.

அந்தச் சோதனை, வண்டி கிளம்பும்போது கிடைக்கும் இழுவையை மட்டுமே அளக்கிறது. நிற்பதையும் வளைவதையும் அளப்பதில்லை. பனியில் நான்கு சக்கர இழுவையோடு ஏ.டி. டயர் அழகாகக் கிளம்பிவிடும். அந்தத் தைரியத்தில் வேகம் எடுத்தவர்கள் கண்ணாடிபோல உறைந்த சந்திப்பில் நிற்க முடியாமல் தவிப்பதை ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கிறேன். உறைபனிக்குக் குளிர்கால டயர்தான். அதன் ரப்பர் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழும் மென்மையாகவே இருக்கும், ஏ.டி. ரப்பர் விறைத்துப்போகும். திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர், டிசம்பர் முதல் மார்ச் வரை வாராவாரம் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிறவர், மண்சாலைக்கே போகாதவர். அவரிடம், "ஏ.டி. வாங்கும் பணத்தில் குளிர்கால டயர் ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பரில் மாட்டி ஏப்ரலில் கழற்றுங்கள்" என்று சொன்னேன். முதலில் அவர் முகம் வாடியது. ஏ.டி. டயர் மாட்டிய பிக்கப்பின் தோற்றம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டு குளிர்காலம் ஓட்டிய பிறகு நல்ல யோசனை என்றார்.

கொலராடோவில் சட்டமும் உண்டு. நெடுஞ்சாலை 70இல் டாட்செரோ முதல் மாரிசன் வரை சுமார் 125 மைல் தூரத்துக்கு, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, டயரில் 3/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் பட்டனாவது இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் விதி இன்னும் கடுமை. போகும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பொதுவாக மொட்டை என்று கணக்காவது 2/32 அங்குலத்தில். மலைக்குப் போகிறவருக்கு 6/32லேயே, அதாவது அந்த 3/16லேயே, டயரின் ஆயுள் முடிந்துவிடுகிறது. புதிதில் 15/32 இருக்கும் டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதற்கு 13 பங்கு இருக்கிறது என்று எண்ணி வாங்குகிறோம், நமக்குக் கிடைப்பது 9 பங்கு. 50,000 மைல் என்று எழுதியிருந்தால் 35,000 என்று மனத்தில் குறித்துக்கொண்டு விலையைக் கணக்குப் போடுங்கள்.

மைலேஜ் குறைகிறதா?

குறையும். ஆனால் சொல்லப்படும் அளவுக்கு எப்போதும் குறைவதில்லை. பலர் ஏ.டி. டயருக்கு மாறும்போது ஒரு அளவு பெரிதாகவும் போடுகிறார்கள். 265/70க்குப் பதில் 265/75 போட்டால் டயரின் விட்டம் 777 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகிறது, 3.4 சதவீதம் கூடுதல். சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 62. வேக வரம்பை ஒட்டி ஓட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது. தூரக் கணக்கும் அப்படியே. நீங்கள் 300 மைல் போயிருப்பீர்கள், மீட்டர் 290 என்னும். 15 கேலன் செலவானால் உண்மையில் கேலனுக்கு 20 மைல். கணக்குப் போட்டால் 19.3 வரும். அந்த முக்கால் மைல் குறையவே இல்லை, மீட்டர்தான் குறைத்துக் காட்டுகிறது. பெரிய டயர் மாட்டினால் ஸ்டெப்னியையும் அதே அளவில் மாற்றுங்கள். மண்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் பூட்டியிருக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சிறிதாக இருந்தால் கியர்களில் தேவையில்லாத இறுக்கம் ஏறும்.

இந்தியாவில் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஓட்டும் நண்பர்களும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்கு மலைச் சின்னத்தால் பெரிய பயன் இல்லை. மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊரில் ஈரத்தார்ப் பிடிமானம்தான் முதல் கேள்வி. எஸ்டேட் பாதையில் அன்றாடம் ஏறி இறங்குபவருக்கு ஏ.டி. டயர் அன்றாடம் உழைக்கும். கோயம்புத்தூர்–சென்னை நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு நல்ல சாலை டயரே பாதுகாப்பு.

இந்தச் செப்டம்பர் முதல் வாரம் என் டயர்களை அளந்தேன். அளவுகோல் ஊசி ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் இறங்கியது. நான்கில் 7/32, ஒன்றில் 7க்கும் கீழே. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றிப் போட்டதால் ஐந்தும் ஏறக்குறைய ஒன்றாகவே தேய்ந்திருக்கின்றன. பனிக்காலத்தின் நடுவில் 6ஐத் தொட்டுவிடும். அதே 265/70 ஆர் 16, மலைச் சின்னம் உள்ளது, ஐந்து டயர் சொல்லிவிட்டேன். கடைக்காரர் இ ரேஞ்ச்தான் கையிருப்பில் இருக்கிறது, வலுவானது, அதையே மாட்டிவிடலாம் என்றார். சி வர பத்து நாள் ஆகுமாம். காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.